டைகர் மாத் ஏன் நடுங்குகிறது?

டிசம்பர் 7, ஞாயிறு

மூன்று வருடமாக என் கார் ஷெட்டில் பிறந்துகொண்டே இருந்த டைகர் மாத் இன்று முதன்முறையாக வாயைத் திறந்தது. இன்ஜின் ஓடியது. வரலாற்றுச் சிறப்புமிக்க இந்தத் தருணத்தில் என் மனைவி வசந்தாமணி உதிர்த்த பொன்மொழி: “ஏனுங்க, கொடியில துணி காயுது. பொகைய அக்கட்டால திருப்புங்.”

புது இயந்திரம் ஓட ஆரம்பித்தால் குறிப்பு எழுத வேண்டும். பம்பு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவின் தலைவனாக இருந்து ஓய்வுபெற்றவன் நான். பழக்கம் விடுமா? அதனால்தான் இந்த டைரி.

ரிமோட்டில் பறக்கும் விமானம், இரட்டை இறக்கை. டைகர் மாத் என்ற அந்தக்கால நிஜ பிரிட்டிஷ் விமானத்தில் சரியாகக் கால் பங்கு. பால்சா கட்டையில் எலும்பு, அதன்மேல் துணித் தோல். மூக்கில் நாலு ஸ்ட்ரோக் இன்ஜின். மற்றவர்களின் இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின் ஈ மாதிரி கத்தும். இது டொப் டொப் என்று கௌரவமாகப் பேசும். எங்கள் கிளப்பில் பல் டாக்டர் எட்வின் என்று ஒருவர் இருக்கிறார். தெர்மாகோலில் விமானம் செய்து, பேட்டரியும் மோட்டாரும் மாட்டிப் பறக்கவிடுவார். சத்தமே வராது. அதற்கு அவர் வீட்டில் மேசை விசிறியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

ஒரே ஒரு குறை. இன்ஜின் ஓடும்போது விமானத்தின் வால் தகடு லேசாக நடுங்குகிறது. ஒற்றை சிலிண்டர் என்றால் அதிர்வு இருக்கத்தான் செய்யும். கண்டுபிடித்துவிடுவேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

வால்வு இடைவெளி சரிபார்த்தேன். தலைமுடி கனத்தில் ஒரு தகடு இருக்கிறது. அதை இடுக்கில் நுழைத்துப் பார்த்து திருகாணியை இறுக்க வேண்டும். புதிதாக வாங்கிய தகடு, நுழையவே மாட்டேன் என்கிறது. இந்தக் காலத்தில் ஒரு தகட்டைக்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லை.

வசந்தா வந்து, “கொடுங்” என்று வாங்கி ஒரே தடவையில் நுழைத்தாள். அதிர்ஷ்டம்.

டிசம்பர் 12, வெள்ளி

புது எரிபொருள் வந்தது. மெத்தனாலும் விளக்கெண்ணெயும் கலந்த சரக்கு. எரிந்தால் அந்த வாசனைக்கே ஒருவன் இந்தப் பொழுதுபோக்கில் விழுந்துவிடுவான். இதில் துளி வாசனை இல்லை. கடைக்காரருக்கு போன் போட்டு, “விளக்கெண்ணெய்க்குப் பதிலா என்னத்த ஊத்துனீங்க, கொழாய்த் தண்ணியா?” என்று கேட்டேன். அவர் குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தார். கலப்படக்காரர்களுக்குக் குலதெய்வம் ஒன்று தவறாமல் இருக்கும்.

நான் போனை வைத்ததும் அடுப்படியிலிருந்து குரல் வந்தது. “வீடே நாறுதுங்க. அந்தக் கேனை மூடித் தொலைங்க.”

மூக்கிலும் பெண்களுக்குக் கற்பனை அதிகம்.

டிசம்பர் 14, ஞாயிறு

கிளப் கூட்டம். நகரத்தைத் தாண்டி, கடலைக் காட்டுக்கு நடுவே குத்தகைக்கு எடுத்த பொட்டல்தான் எங்கள் விமான நிலையம். செயலாளர் குப்புராஜ் மைக் இல்லாமல் பேச மாட்டார். ஒன்பது பேர் கூட்டத்துக்கும் மைக். ஆண்டு விழா ஜனவரி இருபத்தைந்தாம் தேதியாம். இரண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பார்க்க வருகிறார்களாம். கடைசி நிகழ்ச்சி, டைகர் மாத். ஓட்டுநர், சென்னியப்பன், அதாவது நான். நோட்டீஸ் அச்சுக்கே போய்விட்டது.

“உங்களத்தாண்ணா நம்பியிருக்கறோம்” என்றார். இருபது வருடமாக இந்தக் கிளப்பில் ஒரு விமானத்தையும் வேலிக்கு அந்தப் பக்கம் விழவிடாதவன் நான் ஒருவன்தான். நம்பாமல் என்ன செய்வார்?

டிசம்பர் 21, ஞாயிறு

முதல் பறப்பு. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். வசந்தா வழக்கம்போல வாலைப் பிடித்துக்கொண்டாள். ஸ்டார்ட் ஆன விமானத்தை ஒருவர் பிடிக்காவிட்டால் அது ஓட்டுநரைக் கேட்காமலே கிளம்பிவிடும். கல்யாணமான நாளிலிருந்து இப்படி எதையாவது பிடித்துக்கொண்டு நிற்பது அவள் தலையெழுத்து.

மேலே ஏறிய விதம் அழகு. ஏறிய பிறகுதான் தொல்லை. நேராகப் போகும்போது மூக்கு மேலும் கீழுமாகக் குதித்தது. “என்னண்ணா, குண்டும் குழியுமா இருக்குதுங்களா மேல?” என்று எவனோ கேட்டான். எட்வின் பக்கத்தில் வந்து, “அண்ணா, ஒரு நிமிஷம் நான் பாக்கட்டுமா?” என்றார். விசிறிக்காரருக்கு நாலு ஸ்ட்ரோக் எப்படி இருக்கும் என்று தெரியட்டுமே என்று ரிமோட் டிரான்ஸ்மிட்டரைக் கொடுத்தேன்.

அவர் கைக்குப் போனதும் விமானம் நூல் பிடித்த மாதிரி போனது. அந்த நேரம் பார்த்துக் காற்று நின்றுவிட்டது என்பதைப் பதிவு செய்கிறேன்.

டிசம்பர் 26, வெள்ளி

புரொப்பல்லரைத் தராசில் வைத்துச் சமன் செய்தேன். இன்ஜினுக்கு அடியில் ரப்பர் வைத்தேன். வால் தகட்டை அசைக்கும் குட்டி மோட்டாரை மாற்றினேன். நடுக்கம் அப்படியே இருக்கிறது. நாளை ரப்பரை இன்னும் தடிமனாக வைக்கிறேன்.

டிசம்பர் 30, செவ்வாய்

காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். வசந்தா கீரை ஆய்ந்துகொண்டே, “ஏனுங்க, பேப்பர் சலசலங்குது” என்றாள்.

“ஃபேன் காத்து.”

“கரண்ட் போயி அரை மணி நேரமாச்சுங்க.”

இவளுக்கு வேறு வேலையே இல்லை. இந்தப் பேப்பர்க்காரன் தாளின் கனத்தையும் குறைத்துவிட்டான். மூச்சு விட்டாலே ஆடுகிறது.

ஜனவரி 1, வியாழன்

புது வருடத்துக்கு மகள் பெங்களூரிலிருந்து வீடியோவில் வந்தாள். “அப்பா, ஏன் மூஞ்சிய உர்ருன்னு வெச்சிருக்கீங்க?” என்றாள். சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். கேமரா சரியில்லை.

வசந்தா இந்த டைரியை எட்டிப் பார்த்து, எழுத்து வர வர எறும்பு மாதிரி ஆகிறது என்கிறாள். சிக்கனம் என்று ஒன்று இருக்கிறது. அவளுக்குத் தெரியாது.

ஜனவரி 4, ஞாயிறு

மைதானத்தில் எட்வின் என்னைத் தனியாக அழைத்தார். பெரிய ரகசியம் சொல்கிறவர் போலச் செருப்பால் மண்ணைக் கிளறிக்கொண்டே நின்றார்.

“அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. வலது கை எத்தன நாளா இப்படி இருக்குது?”

“எப்படி இருக்குது?”

“நான் தெனமும் கையிலதானண்ணா பொழைக்கிறேன். பாத்தா தெரியும். ஒரு நரம்பு டாக்டரப் பாத்துட்டா…”

“நீங்க பல்லப் பாருங்க டாக்டர்” என்றேன். நல்ல பதில். வீடு வரும்வரை எனக்கு நானே அதைச் சொல்லிப் பாராட்டிக்கொண்டேன். காரை இன்று வசந்தா ஓட்டினாள், எனக்குக் கண் கூசியது.

ஜனவரி 6, செவ்வாய்

ஒரு கோளாறுக்குக் காரணம் தெரியாவிட்டால் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வர வேண்டும். முப்பது வருடம் கம்பெனிப் பையன்களுக்கு இதைத்தான் கத்திக் கத்திச் சொன்னேன். கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் மிஞ்சுவதுதான் குற்றவாளி.

இன்ஜினை நிறுத்தினேன். கழற்றியே வைத்துவிட்டேன். விமானம் மேசை மேல், மெத்தென்ற துணியில். அதிர்வதற்கு அங்கே ஒன்றுமே இல்லை. டிரான்ஸ்மிட்டரைக் கையில் எடுத்து, வாலை அசைக்கும் குச்சியில் கட்டை விரலை வைத்தேன். வால் தகடு டிக் டிக் என்று அடித்துக்கொண்டது. விரலை எடுத்தேன். நின்றது. வைத்தேன். அடித்தது.

டிரான்ஸ்மிட்டர் கோளாறு என்று முடிவு செய்து, வசந்தாவைக் கூப்பிட்டேன். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். இப்படிப் பிடி, இங்கே விரலை வை என்று காட்டினேன். பிடித்தாள்.

“எவ்வளவு நேரமுங்க? கொழம்பு கொதிக்குது.”

“இன்னுங் கொஞ்சம்.”

“பாத்தாச்சுங்களா?”

“இன்னுங் கொஞ்சம் பிடி.”

குழம்பு அடி பிடித்துவிட்டது. அவள் கேட்டாள், அடி பிடித்த வாசனைகூடவா வரவில்லை என்று.

ஜனவரி 7, புதன்

வசந்தா பிடித்தபோது நடுங்கவில்லை.

ஜனவரி 9, வெள்ளி

இன்று ஒன்றும் நடக்கவில்லை. கடலை எண்ணெய் வாங்கினேன். கேஸ் வந்தது. ஷெட்டுக்குப் போகவில்லை.

ஜனவரி 12, திங்கள்

நரம்பு டாக்டர். என் மகள் வயதுதான் இருக்கும். நடக்கச் சொன்னார், நடந்தேன். “வலது கை வீசலீங்களே, எப்பருந்து?” என்றார். கையை வீசி நடக்க நான் என்ன குடியரசு தின அணிவகுப்புக்கா போகிறேன்? விரலைத் தட்டச் சொன்னார். சுருள் வரையச் சொன்னார். ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப எழுதச் சொன்னார். எழுத எழுத எழுத்து சிறுத்துக்கொண்டே போனது. வாசனை தெரிகிறதா என்றார். வசந்தா எனக்கு முந்திக்கொண்டு, “அடிபுடிச்ச கொழம்பே தெரியலீங்க” என்று போட்டுக்கொடுத்தாள்.

பார்க்கின்சன். பெயர் நன்றாகத்தான் இருக்கிறது, கிண்டியில் ஒரு கம்பெனி போல. ஒரே நாளில் ஆளை விழுங்காதாம், மெல்ல மெல்லத்தானாம். மாத்திரையைப் பாதியில் ஆரம்பித்துக் கூட்ட வேண்டுமாம். முழுதாகப் பலன் தெரிய வாரங்கள் ஆகுமாம். “படபடப்பு வந்தா நடுக்கம் கூடும். கூட்டம், அவசரம் எல்லாம் தவிருங்க” என்றார்.

படியிறங்கும்போது வசந்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடிக்காதே, கிழவன் என்று நினைப்பார்கள் என்றேன். விடவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. இருக்கிறது.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். பொங்கி வழிந்தது என்று சொன்னார்கள். நெய் வாசனையை ஞாபகத்திலிருந்து எடுத்துக்கொண்டேன்.

எரிபொருள் கடைக்காரருக்கு போன் செய்து வாழ்த்துச் சொன்னேன். மனுஷன் பயந்துபோய், “இன்னொரு கேன் வேணா மாத்தித் தர்றனுங்” என்றார். வேண்டாம், சரக்கு சுத்தம் என்றேன். காரணம் சொல்லவில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

கிளப்புக்கு விஷயம் தெரியக்கூடாது என்று வசந்தாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். தெரிந்தால் என்ன நடக்கும் என்று தெரியும். குப்புராஜ் மைக்கில் ஒரு நிமிட மௌனம் கேட்பார், நான் அங்கேயே நிற்கும்போது. அடுத்த வாரத்திலிருந்து எனக்கு நாற்காலி போடுவார்கள். “அண்ணன் உக்காரட்டும், அண்ணனுக்கு டீ குடுங்க.” அந்த நாற்காலியில் உட்காருவதைவிட டைகர் மாத்தை அடுப்பில் வைத்துவிடலாம்.

விழாவில் ஓட்டிவிட்டு அதோடு நிறுத்திக்கொள்கிறேன் என்றேன். ஒரே ஒரு தடவை.

வசந்தா சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாள்: “ஏழு கிலோ வண்டி. மூக்குல சுத்தறது கத்தி மாதிரி. கயித்துக்கு அந்தப் பக்கம் நண்டும் சிண்டுமா பிள்ளைக உக்காந்திருக்கும். உங்க மானத்துக்கு ஒரு பிள்ளை மண்டைய ஒடைக்கோணுங்களா?”

பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினேன்.

ஜனவரி 24, சனி

காலையில் இன்ஜினைத் திரும்ப மாட்டிவிட்டு டிரான்ஸ்மிட்டரைப் பிடித்துப் பார்த்தேன். வால் தகடு அசையவில்லை! மத்தியானமும் பார்த்தேன். லேசாக ஒரு துடிப்பு, அவ்வளவுதான். பாதி மாத்திரைக்கே இப்படி என்றால் இந்த டாக்டர்கள் சும்மா பயமுறுத்துகிறார்கள். நாளை ஓட்டுகிறேன். வசந்தாவிடம் காட்டினேன். “வீட்டுல கூட்டமே இல்லீங்களே” என்று மட்டும் சொன்னாள்.

ஜனவரி 25, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். எழுத்து சிறிதாக இருந்தால் இருக்கட்டும்.

பத்து மணிக்கு விழா என்றார்கள். சிறப்பு விருந்தினர் பன்னிரண்டுக்கு வந்தார். ஏதோ சங்கத்தின் தலைவர்; எந்தச் சங்கம் என்று அவருக்கே தெளிவில்லை. விமானம் கண்டுபிடித்தது தமிழன்தான் என்று ஆரம்பித்து, பிள்ளைகள் பெற்றோர் சொல் கேட்க வேண்டும் என்று முடிப்பதற்குள், பிள்ளைகள் வெயிலில் வதங்கிவிட்டார்கள். எட்வினின் தெர்மாகோல் வித்தைகள் முடிந்தன. கைதட்டினார்கள். நானும் தட்டினேன், கைக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டியிருந்தது. ஒன்பது பேர் கிளப்பில் இவ்வளவு நேரம் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. உண்மையில் யாரும் பார்க்கவில்லை.

என் முறை. ஸ்டார்ட் செய்தேன், வசந்தா வாலைப் பிடித்துக்கொண்டாள். டொப் டொப் என்று என் ராஜா பேச ஆரம்பித்ததும் பிள்ளைகள் எழுந்து நின்றுவிட்டார்கள். தலைவர் மேடையிலிருந்து இறங்கி விமானத்தின் பக்கத்தில் வந்து நின்றார். வீடியோ வேண்டுமாம். “சத்தம் பத்தாதுங்க, இன்னுங் கொஞ்சம் குடுங்க.” கொடுத்தேன். “இன்னும்.” கொடுத்தேன். இடது பக்கத்திலிருந்து ஒன்று, வலது பக்கத்திலிருந்து ஒன்று, மாலையோடு ஒன்று. வசந்தா தரையில் காலை ஊன்றிக்கொண்டு இழுத்துப் பிடித்திருந்தாள், முடியெல்லாம் பறந்தது.

அப்போது தலைவர் வாலைக் காட்டி மைக்கில் சொன்னார்: “பாருங்க, பாருங்க! என்னயப் பாத்து வாலாட்டுது!”

மைதானமே சிரித்தது. நான் குனிந்து பார்த்தேன். வால் தகடு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. நேற்று வீட்டில் அசையாமல் இருந்த அதே தகடு. கட்டை விரலை எடுத்தேன், நின்றுவிட்டது. “கூச்சப்படுது!” என்றார் தலைவர். மறுபடி சிரிப்பு.

வசந்தா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் முதல் வரிசையில், ரிப்பன் கட்டிய ஒரு சின்னக் குட்டி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வாயெல்லாம் பல்லாக நின்றுகொண்டிருந்தது.

“டாக்டர்” என்று கூப்பிட்டேன். “நீங்க ஓட்டுங்க.”

எட்வின் முகம் வெளுத்துவிட்டது. “அண்ணா, எண்ணெய் வண்டி இவ்வளவு பெருசு நான் எறக்குனதே இல்லீங்ணா. அன்னிக்கு மேல பாத்ததோட சரி.”

“நான் பக்கத்துலயே நின்னு சொல்றேன். சொல்றதச் செய்யுங்க.”

டிரான்ஸ்மிட்டரை அவர் கழுத்தில் மாட்டினேன். மாட்டும்போது என் கை ஆடியதை அவர் பார்த்தார், நான் மறைக்கவில்லை.

வசந்தா வாலை விட்டாள். டைகர் மாத் ஓடி, வாலைத் தூக்கி, ஏறியது. “கூட்டத்துப் பக்கம் திரும்பாதீங்க, கடலைக் காட்டுப் பக்கமாவே சுத்துங்க.” சுற்றினார். “திரும்பறப்ப வாலயும் சேத்துத் திருப்போணும், இது உங்க தெர்மாகோல் இல்ல.” திருப்பினார். மூன்று வருடம் நான் ஒட்டிய ஒவ்வொரு கட்டையும் துணி வழியே வெயிலில் மஞ்சளாகத் தெரிந்தது. வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது. ஆனாலும் அவ்வளவு அழகை நான் பார்த்ததில்லை. ஓட்டுகிறவனுக்குப் பார்க்க நேரம் ஏது.

இரண்டாவது சுற்றில் டொப் டொப் இருமியது. நின்றே போனது. தலைவரின் வீடியோவுக்கு டேங்கில் இருந்த எண்ணெயில் பாதி போய்விட்டிருக்கிறது. பறக்கவிடும் முன் டேங்கைப் பார் என்று கிளப் சுவரில் எழுதி வைத்தவனே நான்தான். இன்று நான் பார்த்ததெல்லாம் என் கையைத்தான்.

“அண்ணா, நின்னுருச்சு! அண்ணா!”

“தெரியுது. மூக்கக் கீழ விடுங்க.”

“விழுந்துருமுங்ணா!”

“தூக்குனாத்தான் விழும். கீழ விடுங்க. இன்னும். அப்படியே. வேகம் இருக்குதில்ல, அதுதான் இப்ப இன்ஜின். கூட்டத்தப் பாக்காதீங்க, வண்டியப் பாருங்க. லேசா இடது. போதும். போதுங்கறேன்ல! இப்ப தொடாதீங்க… தொடாதீங்க… இப்ப மெல்லத் தூக்குங்க.”

சக்கரம் தரையைத் தொட்ட இடம் வேலிக்கு இந்தப் பக்கம், ஆள் இல்லாத பொட்டல். ஓடி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. கீழ் இறக்கை நுனியில் கொஞ்சம் துணி கிழிந்திருக்கிறது, ஒட்டிவிடலாம். பிள்ளைகள் போட்ட கூச்சலில் காது அடைத்தது. அவர்கள் இன்ஜின் நின்றதையும் நிகழ்ச்சி என்று நினைத்துக்கொண்டார்கள்.

எட்வினைத் திரும்பிப் பார்த்தேன். வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது. டிரான்ஸ்மிட்டரைப் பிடித்திருந்த இரண்டு கையும் கடகடவென்று நடுங்கின. என் கையெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. நாளைக் காலையில் அவரிடம் பல் பிடுங்க வருகிறவரை நினைத்துப் பரிதாபப்பட்டேன். எனக்கு எவ்வளவு திருப்தியாக இருந்தது என்று எழுத முடியாது.

“என்ன டாக்டர், கை இப்படி ஆடுது? எங்கிட்ட மாத்திரை இருக்குது. பாதி போடறீங்களா?”

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்து, நிறுத்த முடியாமல் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கும் வந்தது. முகத்தில் தெரிந்ததோ என்னவோ.

ஓட்டுநர் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று குப்புராஜ் மைக்கை நீட்டிக்கொண்டு எனக்குப் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. மாத்திரை விவகாரம் நாலு ஒலிபெருக்கியிலும் கேட்டு, கடலைக் காடு தாண்டிப் போயிருந்தது.

“என்ன மாத்திரைங்ணா?” என்றார் குப்புராஜ், அதையும் மைக்கில்.

வசந்தா புடவையில் அப்பியிருந்த எண்ணெயைத் தட்டிக்கொண்டே வந்து என் பக்கத்தில் நின்றாள். மைக்கை வாங்கி, வியாதியின் பெயரைச் சொன்னேன், அடுத்த ஞாயிறும் வருவேன் என்றேன், நாற்காலி வேண்டாம் என்றேன். மைக் கொஞ்சம் ஆடியது. ஆனால் நன்றாகத்தான் கேட்டதாம்.